இரண்டு அச்சங்களுக்கு நடுவே எமது பிள்ளைகள்

2022 ஏப்ரல் 9, சனிக்கிழமை. நோன்பு ஆரம்பித்து ஒரு வாரம். கொட்டாஞ்சேனையில் வசிக்கும், அப்போது உயர்தரத்தில் படித்துக்கொண்டிருந்த என் மாணவர் ஒருவர் லுஹருக்குப் பிறகு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "டீச்சர், கூட்டாளிமார் எல்லாரும் காலிமுகத்திடலுக்குப் போறாங்க. நானும் போகட்டா? வாப்பா வாணாம் என்டு சொல்றாரு."

நான் யோசிக்காமலே பதில் அனுப்பினேன்: "வாப்பா சொல்றதக் கேளுங்க மகன். எங்கட ஆக்கள் இதுல முன்னுக்கு நிக்கப் போக வாணாம். நாளைக்கு ஏதும் நடந்தா எங்கட பேர்தான் முதல்ல வரும்."

அவர் போய்விட்டார். மஃரிபுக்குப் பிறகு ஒரு படம் வந்தது. புல்தரையில் விரித்த பத்திரிகைத் தாள், அதன் மேல் பேரீச்சம்பழம், சுற்றிலும் அவருடைய சிங்கள, தமிழ் நண்பர்கள். நோன்பு துறக்கும் நேரத்துக்காக அவர்களும் காத்திருந்திருக்கிறார்கள். படத்தின் கீழே அவர் எதுவும் எழுதவில்லை. எனக்கும் எழுத வார்த்தை வரவில்லை.

நான் சொன்ன அறிவுரை தவறானதா? இந்தக் கேள்வியை அன்றிலிருந்து மனதில் வைத்திருக்கிறேன். ஆசிரியர்களாக, பெற்றோராக, பள்ளிவாசல் நிர்வாகிகளாக எமது பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுப்பது நிதானத்தையா, அல்லது பயத்தையா? இரண்டையும் நாம் ஒரே பெயரால் அழைத்துக்கொண்டிருக்கிறோமா?

வாக்குப் பெட்டி வழியாக வந்த அதிகாரம்

சர்வாதிகாரம் என்றதும் எமக்குப் பெரும்பாலும் வேறு நாடுகள்தான் ஞாபகத்துக்கு வரும். யுத்த தாங்கிகள், இரவில் வானொலி அறிவிப்பு, சீருடை அணிந்த ஆட்சியாளர். எமது நாட்டில் அது அப்படி வரவில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திலும் ஏனைய இடங்களிலும் வெடித்த குண்டுகள் 250க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. கொட்டாஞ்சேனையில் தேவாலயமும் பள்ளிவாசலும் கோவிலும் ஒரே தெருக்களில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அந்த மக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தயங்கிய நாட்கள் அவை. அந்த அச்சத்தின் மேல் ஏறி, பாதுகாப்புத் தருவேன் என்ற வாக்குறுதியோடு, அதே ஆண்டு நவம்பரில் 69 இலட்சம் வாக்குகளால் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார்.

அதன் பின் நடந்தவை எல்லாம் சட்டப் புத்தகத்தின் வழியாகவே நடந்தன. 2020 ஜூனில் ஒழுக்கமும் நற்பண்பும் உள்ள சமூகத்தை உருவாக்குவதற்கென இராணுவ, பொலிஸ் அதிகாரிகளை மட்டும் கொண்ட ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டது. 2020 ஒக்டோபர் 22இல் நிறைவேறிய 20ஆவது திருத்தம், உயர் நீதிமன்ற நீதியரசர்கள் முதல் ஆணைக்குழுக்கள் வரை நியமிக்கும் அதிகாரத்தை ஒரே கையில் சேர்த்தது. 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு ஞானசார தேரர் தலைவராக்கப்பட்டார்.

இதில் எமக்கு வலிக்கின்ற ஒரு உண்மையும் உண்டு. 20ஆவது திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேடப்பட்டபோது, முஸ்லிம் கட்சிகளின் வாக்குகளால் பாராளுமன்றம் போன உறுப்பினர்கள் பலர் எதிரணியில் இருந்தபடியே கையை உயர்த்தினார்கள். ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. அதற்குச் சொல்லப்பட்ட பெயர் 'ஹிக்மத்'. ஆளும் தரப்போடு நெருக்கமாக இருந்தால் அடக்கம் செய்ய அனுமதி கிடைக்கும் என்று எமக்கு விளக்கம் தரப்பட்டது. அதன் பிறகும் நான்கு மாதங்கள் எரித்தார்கள்.

வேலியில் கட்டிய வெள்ளைத் துணி

2020 மார்ச் இறுதியில் நீர்கொழும்பில் முதல் முஸ்லிம் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11இல் எரிப்பைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி வந்தது. உலக சுகாதார அமைப்பு அடக்கம் செய்வதைத் தடுக்கவில்லை. உலகில் பெரும்பாலான நாடுகளும் தடுக்கவில்லை. டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் எமது மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலேயே தள்ளுபடி செய்தது. அடுத்த வாரம், பிறந்து 20 நாட்களேயான ஒரு பச்சைக் குழந்தையைப் பெற்றோரின் சம்மதமின்றிப் பொரளை கனத்தை மயானத்தில் எரித்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் என் வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். யாரோ சிலர் மயானத்தின் இரும்பு வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். கஃபன் துணியின் நினைவாக. கட்டியவர்களில் சிங்களவர் இருந்தார்கள், கிறிஸ்தவ மதகுருமார் இருந்தார்கள், தமிழர் இருந்தார்கள். பெருங்கூட்டம் கிடையாது, மேடை கிடையாது. துணிகள் இரவோடிரவாக அகற்றப்பட்டன. ஆனாலும் அந்த வெள்ளைத் துணி நாட்டின் வேறு ஊர்களுக்கும், கடல் கடந்தும் பரவியது. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்த தமிழ் மக்களின் பேரணி, ஜனாஸா எரிப்பை நிறுத்தும் கோரிக்கையையும் தன் தோளில் சுமந்து வந்தது. அந்த மாத இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அதற்குள் இருநூற்றுக்கும் மேற்பட்ட எமது உறவுகள் சாம்பலாகியிருந்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

அனுமதி கிடைத்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வெளிநாடுகளின் அழுத்தம், ஜெனீவா, பாகிஸ்தான் பிரதமரின் வருகை எல்லாம் சேர்ந்தே வேலை செய்தன. ஆனால் நான் பார்ப்பது பலனை அல்ல. கனத்தையில் துணி கட்டிய சிங்கள இளைஞருக்கு அதில் என்ன இலாபம்? அவருடைய வீட்டு ஜனாஸா அங்கே எரியவில்லை. அவர் வீட்டில் கேஸும் இருந்தது, மின்சாரமும் இருந்தது. தன் சமூகத்தில் பெரும்பான்மையினர் வாக்களித்துக் கொண்டுவந்த ஆட்சியின் உச்சக் காலத்தில், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு அநியாயத்துக்காக அவர் வேலியருகே வந்து நின்றார். ஒழுக்கத் துணிவு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். தன் வயிறு பசித்தபின் கத்துவது உரிமை. அதற்கும் துணிவு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பசிக்காகத் தன் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வருவது வேறு தரத்துத் துணிவு.

ஒரு ஆசிரியர், ஒரு கவிதைப் புத்தகம்

அதே ஆண்டு மே 16இல் மன்னார் சிலாவத்துறையில் அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். வயது இருபதுகளின் நடுப்பகுதி. நளீமிய்யாவில் கற்றவர், தமிழ் கற்பித்த ஆசிரியர், கவிஞர். 2017இல் வெளியான 'நவரசம்' என்ற அவருடைய கவிதை நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. அந்த நூலில் அவர் ஐ.எஸ். அமைப்பையும் வன்முறையையும் கண்டித்து எழுதியிருந்தார். ஏறக்குறைய 19 மாதங்கள் தடுப்பில் இருந்த பின், 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இவ்வளவும் பத்திரிகையில் வந்த செய்திதான். வராத செய்தி ஒன்று உண்டு. அவர் கைதான வாரங்களில் எமது ஆசிரியர் அறைகளில் என்ன பேசிக்கொண்டோம் என்பது. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்டவர்களும் எம்மில் இருந்தார்கள். தமிழ் படித்த நாம்தான் அந்த நூலை முதலில் வாசித்து, இதில் குற்றம் ஏதும் இல்லை என்று எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சட்டத்தரணிகளும் மனித உரிமை அமைப்புகளும் ஒரு சில எழுத்தாளர்களும் சொன்னார்கள். நாங்கள் சொல்லவில்லை. வீட்டு அலுமாரியில் இருந்த அரபு எழுத்துப் புத்தகங்களை மறைத்து வைப்பதில்தான் எமது கவனம் இருந்தது. நானும் அதைச் செய்தவள்தான்.

பயந்தோம் என்பதில் வெட்கமில்லை. 2014 அளுத்கம, 2018 திகன, 2019 மே மாதத்து குருநாகல், மினுவாங்கொடை என்று எரிந்த கடைகளையும் பள்ளிவாசல்களையும் கண்ட சமூகம் பயப்படத்தான் செய்யும். எமது முன்னோர் மௌனத்தைக் கோழைத்தனத்தால் தேர்ந்தெடுக்கவில்லை. சிதறி வாழும் ஒரு சிறுபான்மை தன் பிள்ளைகளின் உயிரையும் தொழிலையும் காப்பாற்றக் கண்ட வழி அது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். அந்த மௌனம் எம்மைக் காப்பாற்றியதா? மௌனமாக இருந்தபோதும் எரித்தார்கள். மௌனமாக இருந்தபோதும் கைது செய்தார்கள். மௌனத்துக்கு நாம் கொடுத்த விலை கூடிக்கொண்டே போனது. அதற்குப் பகரமாகக் கிடைத்த பாதுகாப்பு குறைந்துகொண்டே வந்தது.

காலிமுகத்திடலில் என்ன நடந்தது

2022 மார்ச் வரும்போது நாடே இருட்டில் இருந்தது. மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. கடதாசி இல்லாததால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே நடத்த முடியவில்லை. மார்ச் 31 இரவு மிரிஹானயில் ஜனாதிபதியின் வீட்டுக்குச் செல்லும் பாதையில் மக்கள் கூடினார்கள். அடுத்த நாள் அவசரகால நிலை, அதன் பின் ஊரடங்கு, சமூக வலைத்தளங்களுக்கு முடக்கம். ஏப்ரல் 9இல் காலிமுகத்திடல் நிரம்பியது. அங்கே கூடாரங்கள் எழுந்து 'கோட்டா கோ கம' உருவானது.

சில நாட்கள் கழித்து நானும் வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் போனேன். முன்னே நின்றவர்கள் பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள். ஒரு நூலகம் வைத்திருந்தார்கள். இலவசமாகச் சாப்பாடு கொடுத்தார்கள். தமிழில் தேசிய கீதம் பாடப்பட்டது. ஈஸ்டர் தாக்குதலில் இறந்தவர்களுக்கு நீதி கேட்ட பதாகைகளுக்குப் பக்கத்திலேயே முஸ்லிம்கள் நோன்பு துறந்தார்கள். மூன்று ஆண்டுகளாக எதைச் சொல்லி எம்மைப் பிரித்தார்களோ, அதே விடயத்தைப் பிள்ளைகள் ஒன்றாக நின்று கேட்டார்கள்: உண்மையில் இதைச் செய்தது யார், செய்ய விட்டது யார்? மே 18 அன்று அதே திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. தென்னிலங்கையில், ஜனாதிபதி செயலகத்தின் வாசலில், யுத்தத்தில் இறந்த தமிழ் மக்களுக்காக விளக்கேற்றியபோது அங்கிருந்த எல்லாச் சிங்கள இளைஞர்களும் உடன்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அது நடந்தது.

இதை ஒரு கனவுக் கதையாக ஆக்க நான் விரும்பவில்லை. அங்கே வந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த 69 இலட்சத்தில் அடக்கம். ஜனாஸா எரிந்தபோது வராதவர்கள் கேஸ் தீர்ந்தபோது வந்தார்கள் என்று எம்மவர்கள் சொன்ன குறையில் நியாயம் இருக்கிறது. மே 9 அன்று அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட கும்பல் திடலில் இருந்தவர்களை அடித்து நொறுக்கியது. அன்று இரவு அதற்குப் பதிலாக நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. ஆளும் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் நிட்டம்புவையில் கொல்லப்பட்டார். வீடு எரிவது என்றால் என்ன என்று தெரிந்த சமூகம் நாம். அதைத் துணிவு என்று சொல்ல எம்மால் முடியாது. கூட்டத்தின் கோபம் வேறு. அடி வாங்கிய மறுநாள், கிழிந்த கூடாரத்தைத் தைத்துத் திரும்பவும் நட்ட பிள்ளைகளின் பிடிவாதம் வேறு.

ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகை மக்கள் கைக்கு வந்தது. 13ஆம் திகதி கோட்டாபய மாலைதீவுக்குத் தப்பிச் சென்றார். மறுநாள் சிங்கப்பூரில் இருந்து இராஜினாமாக் கடிதம் வந்தது.

குர்ஆன் சொல்லும் இளைஞர்கள்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோம். குகையில் தஞ்சம் புகுந்தவர்களை அல்லாஹ் இளைஞர்கள் என்றே அறிமுகம் செய்கிறான். சிலைகளை உடைத்த இப்ராஹீம் நபியை (அலை) அவருடைய ஊரார் ஒரு வாலிபர் என்றே குறிப்பிட்டதாகக் குர்ஆன் கூறுகிறது. அநியாயக்கார ஆட்சியாளன் முன் நீதியைப் பேசுவது மிகச் சிறந்த ஜிஹாத் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறோம்.

இவற்றைவிட என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது சூரா யூனுஸின் 83ஆவது வசனம். மூஸா நபியை (அலை) ஆரம்பத்தில் நம்பியவர்கள் அவருடைய சமூகத்தின் இளந்தலைமுறையில் ஒரு சிலரே என்று அது சொல்கிறது. அவர்கள் பயமில்லாதவர்கள் அல்ல, பயத்தோடேயே நம்பினார்கள். அந்தப் பயம் ஃபிர்அவ்னைப் பற்றியது மட்டுமல்ல, பிரமுகர்களைப் பற்றியதும்கூட. அந்தப் பிரமுகர்கள் யார் என்பதில் முஃபஸ்ஸிர்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. பனீ இஸ்ராயீலின் சொந்தத் தலைவர்களே என்பது அதில் ஒன்று. ஃபிர்அவ்னின் கோபம் தங்கள் மேல் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, தம் பிள்ளைகளைத் தாமே தடுத்த தலைவர்கள்.

அநியாயத்துக்கு எதிராக நிற்கும் ஒவ்வொரு இளைஞருக்கும் முன்னால் இந்த இரண்டு அச்சங்கள் நிற்கின்றன. ஒன்று அரண்மனையைப் பற்றியது. மற்றது சொந்த வீட்டைப் பற்றியது.

வரலாற்றில் இதைத் திரும்பத் திரும்பக் காணலாம். 1943இல் ஹிட்லருக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் எழுதிய 'வெள்ளை ரோஜா' மாணவர்களில் ஒருவரான சோஃபி ஷோலுக்கு வயது 21. மியூனிக் பல்கலைக்கழகத்தில் அவரைப் பிடித்துக் கொடுத்தவர் அங்கே வேலை செய்த ஒரு ஊழியர். பெப்ரவரி 22இல் சோஃபியின் தலை வெட்டப்பட்டது. சில நாட்களில் அதே பல்கலைக்கழகத்தில் கூடிய மாணவர்கள் பிடித்துக் கொடுத்தவருக்குக் கைதட்டினார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ரஜனி திராணகம அரச படைகளின் கொடுமையையும், இந்தியப் படையின் கொடுமையையும், தம் சொந்த மக்களின் பெயரால் ஆயுதம் ஏந்திய இயக்கங்களின் கொடுமையையும் ஒரே பேனாவால் எழுதினார். 1989 செப்டெம்பர் 21இல், 35 வயதில், வீட்டுக்கு அருகே தெருவில் வைத்துச் சுடப்பட்டார். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெறுங்கையோடு விரட்டப்பட்டபோது, அது அநியாயம் என்று பதிவு செய்த தமிழ்க் குரல்களில் அவர் சேர்ந்து கட்டியெழுப்பிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பும் ஒன்று. தன் சமூகத்தின் தவறைச் சொல்லத் துணிந்தவர்களே மற்றச் சமூகத்தின் வலியையும் சொல்லத் துணிகிறார்கள்.

எமது வீட்டிலும் இதே கதைதான். தமது திருமணப் பதிவில் தாமே கையொப்பமிடும் உரிமையைக் கேட்ட எமது பெண் பிள்ளைகளுக்கு நாம் சூட்டிய பெயர்கள் எவை என்று எமக்குத் தெரியும். அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் கேள்வி கேட்டால் வாயை மூடு என்று வளர்க்கும் பிள்ளை, வெளியே ஃபிர்அவ்னைக் கண்டதும் எழுந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

கூட்டம் கலைந்த பின்

துணிவின் உண்மையான சோதனை வெற்றி நாளில் வருவதில்லை. புதிய ஜனாதிபதி பதவியேற்ற மறுநாள், 2022 ஜூலை 22 அதிகாலையில், திடலுக்குள் படையினர் புகுந்தார்கள். ஆகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகே கைதாகி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். அந்த வழக்கிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 ஜனவரி இறுதியில்தான். முதலில் தமிழ் இளைஞர்கள் மேல், பின்னர் முஸ்லிம்கள் மேல், கடைசியில் சிங்கள மாணவர் மேலும் பாய்ந்தது ஒரே சட்டம். 1979இல் 'தற்காலிக ஏற்பாடு' என்ற பெயரில் வந்து, 1982இல் நிரந்தரமாகிய சட்டம் அது.

அந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்களித்து வந்தவர்களின் ஆட்சியிலும் அது தூங்கவில்லை. 2024 ஒக்டோபரில், இஸ்ரேலுக்கு எதிரான ஒரு சமூக வலைத்தளப் பதிவின் பேரில் கைதான 21 வயது முஸ்லிம் இளைஞர் சுமார் ஒன்பது மாதங்கள் அடைபட்டிருந்தார். 2025 மார்ச்சில் இஸ்ரேலை எதிர்க்கும் ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞரைத் தடுத்து வைக்க 90 நாள் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பின் பின் இரண்டு வாரங்களில் அவர் வெளியே வந்தார். அந்த எதிர்ப்பில் சிங்களச் சட்டத்தரணிகளும் காலிமுகத்திடலின் பழைய முகங்களும் முன்னே நின்றார்கள். கனத்தை வேலியில் ஆரம்பித்தது வீண்போகவில்லை.

பங்களாதேஷ் சொல்லும் பாடமும் இதுவே. 2024 ஜூலை 16இல் ரங்பூரில் அபூ ஸயீத் என்ற மாணவர் கைகளை விரித்தபடி பொலிஸாரின் துப்பாக்கிகளுக்கு முன் நின்றார். அவர் சுட்டுக் கொல்லப்பட்ட காட்சியை உலகமே கண்டது. ஆகஸ்ட் 5இல் ஷேக் ஹஸீனா நாட்டை விட்டு ஓடினார். அதன் பின் வந்த நாட்களில் இந்துக்களின் வீடுகளும் கோவில்களும் தாக்கப்பட்டன. அப்போது மத்ரஸா மாணவர்கள் கோவில் வாசல்களில் இரவு முழுக்கக் காவல் இருந்தார்கள். எனக்கு இந்த இரண்டு காட்சிகளையும் பிரிக்க முடியாது. துப்பாக்கிக்கு முன் கை விரித்தவரின் போராட்டம் கோவில் வாசலில் காவல் இருந்தவர்களிடம்தான் தொடர்ந்தது.

நாம் செய்யக்கூடியவை

பிள்ளைகளை வீதிக்கு அனுப்புங்கள் என்று நான் எழுதவில்லை. ஆசிரியராக எனக்கு அந்த உரிமையும் இல்லை. துணிவு என்பது முன்யோசனை இல்லாத ஆவேசமும் அல்ல. குகை இளைஞர்களும் தக்க சமயத்தில் ஊரை விட்டு ஒதுங்கினார்கள். ஆனால் நாமாகச் செய்யக்கூடியவை உண்டு.

முதலாவது, சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைது செய்தால் அதற்கான காரணம் சொல்லப்பட வேண்டும். குடும்பத்துக்குக் கைது பற்றிய எழுத்து மூல ஆவணம் தரப்பட வேண்டும். 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கப்பட வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். இதை உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் அதைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கைதான பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டும். முதல் நாளே போக வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகம் போக வேண்டும், பாடசாலை அதிபர் போக வேண்டும். அந்தக் குடும்பம் தெருவில் தனித்துப் போவதைத்தான் அடக்குமுறை எதிர்பார்க்கிறது. எமது ஸகாத், ஸதகா நிதிகளிலிருந்து ஒரு பங்கு சட்ட உதவிக்குப் போக முடியுமா என்பதை உலமாக்கள் கூடி ஆராய வேண்டும்.

மூன்றாவது, மற்றவர் பிள்ளைக்காகவும் பேச வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தமிழ்த் தாய்மாருக்காக எமது குத்பாக்களில் எத்தனை முறை துஆக் கேட்டிருக்கிறோம்? கனத்தையில் எமக்காக யாரோ வந்து துணி கட்டினார்கள். அது ஒரு கடன்.

நான்காவது, எமது வகுப்பறைகள். ஆசிரியர் கலாசாலையில் எமக்கு வகுப்பை அமைதியாக வைத்திருக்கக் கற்றுத் தந்தார்கள். அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று நாங்களும் நம்பி இருபது ஆண்டுகளைக் கடத்திவிட்டோம். "டீச்சர், நீங்க சொன்னது பிழை" என்று மரியாதையோடு சொல்லும் ஒரு மாணவரைச் சகித்துக்கொள்ளாத வகுப்பறை, அநியாயத்தைச் சகித்துக்கொள்ளும் குடிமக்களைத்தான் உருவாக்கும்.

அந்தக் கொட்டாஞ்சேனை மாணவர் இப்போது வேலைக்குப் போகிறார். கடந்த பெருநாளைக்கு ஸலாம் சொல்ல வீட்டுக்கு வந்திருந்தார். அன்று அனுப்பிய பதிலைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். "மகன், அண்டைக்கு நான் பயத்துல சொன்னது" என்றேன். அவர் சிரித்தார். "எனக்கும் பயம்தான் டீச்சர். வாப்பாவுக்குத் தெரிஞ்சிடுமோ என்டுதான் கூடப் பயம்."

அவருடைய வாப்பா அடுத்த நாளே தெரிந்துகொண்டாராம். ஏசவில்லை. நோன்பு துறக்க வீட்டிலிருந்து கஞ்சி கட்டிக் கொடுத்தாராம், பத்துப் பேருக்குப் போதுமான அளவு. கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு, கவனமாக இரு என்று மட்டும் சொன்னாராம்.

நான் எழுத்தில் தேடிக்கொண்டிருந்த பதிலை அந்த வாப்பா ஒரு கஞ்சிச் சட்டியில் கொடுத்திருந்தார். பயந்துகொண்டே பிள்ளையின் பக்கம் நின்ற ஒரு தகப்பன். எமது சமூகத்துக்கு இப்போது தேவைப்படுவது இத்தகைய பெரியவர்கள்தான். அல்லாஹ் எமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. அவர்களுக்கு நாமே ஒரு அச்சமாக ஆகிவிடாமல் எம்மையும் பாதுகாப்பானாக.